மணி அடிக்காத இடங்கள்: பள்ளிக்கு வெளியே அன்றாட வாழ்க்கை அனிமேயும் மாங்காவும்

ஜப்பானின் அன்றாட வாழ்க்கைக் கதைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு புகாரும் கூடவே எழும்: எங்கே திரும்பினாலும் பள்ளிக்கூடம். சீருடை, சன்னலோரக் கடைசி இருக்கை, மொட்டைமாடியில் மதியச் சாப்பாடு, மாலையில் ஏதோ ஒரு மன்றம். புகார் நியாயமானதுதான். அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் அரைகுறை. வாசகர்கள் மாணவர்கள், அதனால் கதையும் மாணவர்களைப் பற்றியது என்பார்கள். நள்ளிரவுக்குப் பிறகு ஒளிபரப்பாகும் அனிமேவை விழித்திருந்து பார்த்து, பிறகு அதன் வட்டையும் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சம்பளக்காரர்கள். அவர்களுக்கும் பள்ளிக் கதையே பிடிக்கிறது.

பள்ளியின் உண்மையான வசதி வேறு. அது கதாசிரியருக்குக் காலத்தை இலவசமாகத் தருகிறது. ஏப்ரலில் சேர்க்கை, பிறகு கோடை விடுமுறை, இலையுதிர்காலத்தில் கலை விழா, புத்தாண்டு, தேர்வு, மார்ச்சில் பிரியாவிடை. உயர்நிலைப் பள்ளிக்கு மூன்றே ஆண்டு. ஒன்றுமே நடக்காத கதைக்கும் ஒரு முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. கியோஹிகோ அசுமாவின் 'அசுமங்கா தாயோ'வும் ககிஃப்ளையின் 'கே-ஆன்' தொடரும் பக்கம் பக்கமாக அரட்டையையும் தேநீரையும் மட்டுமே காட்டிவிட்டு, கடைசியில் நம்மைக் கலங்க வைப்பது அந்தப் பிரியாவிடையின் பலத்தில்தான்.

வெளியே வந்துவிட்டால் அந்த மணி அடிப்பதில்லை. இருபத்தேழு வயது அலுவலகப் பெண்ணுக்கு எந்த மார்ச்சில் முடிவு வரும்? ஆகவே பள்ளிக்கு வெளியே நடக்கும் ஒவ்வொரு நல்ல படைப்பும் தனக்கென்று ஒரு கடிகாரத்தைச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்தக் கதைகளை உணவுக் கதை, அலுவலகக் கதை, கிராமத்துக் கதை என்று பெட்டி பெட்டியாகப் பிரிப்பது வழக்கம். அவற்றில் காலம் எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் இன்னும் நிறையப் புலப்படும் என்று நினைக்கிறேன்.

காலத்தை ஓடவே விடாமல் நிறுத்திவைப்பது முதல் வழி. மச்சிகோ ஹசெகாவா 'சசாயே-சான்' நாலுகட்டச் சித்திரத்தை 1946இல் ஃபுகுவோகாவின் மாலை நாளிதழ் ஒன்றில் தொடங்கினார். பிறகு அது ஆசாஹி ஷிம்புனுக்குப் போய் 1974 வரை ஓடியது. 1969 அக்டோபரில் தொடங்கிய அதன் அனிமே வடிவம் ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உலகின் மிக நீண்ட அனிமேஷன் தொலைக்காட்சித் தொடர் என்ற கின்னஸ் சாதனை அதனுடையது. கல்யாணமான சசாயே கணவனோடு பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள். ஏறக்குறைய வீட்டோடு மாப்பிள்ளை ஆகிவிட்ட மசுவோ மாமனாரோடு உட்கார்ந்து சாக்கே குடிக்கிறான். அந்த மாமனார் நமிஹேய்க்கு வயது 54. கதை பிறந்த காலத்தில் ஓய்வு வயது 55. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் பணி ஓய்வுக்கு ஓராண்டு முன்பாகவே நின்றுகொண்டிருக்கிறார்.

கதைக்குள் நின்றுபோன அந்தக் கடிகாரம் பார்ப்பவர் வீட்டில் ஓடுகிறது. நிகழ்ச்சி முடிந்தால் நாளை திங்கள் என்ற நினைப்பு வந்து நெஞ்சை அழுத்துகிறது. ஜப்பானில் இதற்கு 'சசாயே-சான் நோய்' என்றே பெயர். ஒரு குடும்பத்தின் சாதாரண மாலைப்பொழுது, நாட்டின் அலுவலகக்காரர்களுக்கெல்லாம் விடுமுறை முடிந்ததற்கான அறிவிப்பாகிவிட்டது.

நின்ற கடிகாரத்தின் இன்னொரு வீடு நமக்கும் பழக்கமானது. தமிழ்க் குரலில் பார்த்துச் சிரித்த ஷின்-சானைக் குழந்தைகள் நிகழ்ச்சி என்றே இங்கே பலரும் நினைக்கிறார்கள். யோஷித்தோ உசுய் அதை 1990இல் தொடங்கியது 'மங்கா ஆக்ஷன்' என்ற பெரியவர்களுக்கான வார இதழில். அதை நினைவில் வைத்துத் திரும்பப் பார்த்தால் கதையின் நாயகன் மாறிவிடுகிறான். முப்பத்தைந்து வயது அப்பா ஹிரோஷி, டோக்கியோவுக்கு வெளியே கசுகாபேயில் கடனுக்கு வாங்கிய வீடு, இன்னும் 32 ஆண்டு தவணை பாக்கி, தினம் நெரிசல் ரயில், மனைவி எண்ணிக் கொடுக்கும் கைச்செலவுப் பணம். ஐந்து வயதுப் பையனின் சேட்டை இந்த வாழ்க்கையின் மேல்தான் நிகழ்கிறது. பையனுக்கு வயது ஏறாததால் தவணையும் குறைவதில்லை.

2001இல் கெய்ச்சி ஹாரா இயக்கிய ஷின்-சான் திரைப்படம் இதைப் புரிந்துகொண்டது. 1970 ஒசாகா உலகக் கண்காட்சிக் காலத்தின் வாசனையைப் பரப்பி, பெரியவர்களை எல்லாம் பிள்ளைகளாக்கிவிடுகிறது ஒரு கூட்டம். ஹிரோஷியும் அதில் மயங்கிவிடுகிறான். மகன் அவனை மீட்பது அவனுடைய சொந்தக் காலணியின் நாற்றத்தை முகர வைத்து. அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து மீன்பிடிக்கப் போனது, ஊரைவிட்டு வந்தது, வேலை, வியர்வை, கல்யாணம், பிள்ளை, வீடு எல்லாம் வசனம் இல்லாமல் சில நிமிடங்களில் ஓடி முடிகின்றன. நின்ற கடிகாரத் தொடர் ஒன்று தன் நாயகனுக்கு வயதாகியிருக்கிறது என்று ஒப்புக்கொண்ட தருணம் அது. இந்த வகையின் மிகச் சிறந்த சில நிமிடங்களில் ஒன்றென்று தயங்காமல் சொல்வேன். சேட்டைக்காரத் தொடர் என்று வீட்டில் தடை போட்ட பெற்றோர்களுக்குத்தான் முதலில் இதைப் போட்டுக் காட்ட வேண்டும்.

நிறுத்துவதா ஓடவிடுவதா என்ற கேள்வியை ஒரே ஆசிரியர் ஒரே காலத்தில் இரண்டு விதமாகவும் தீர்த்திருக்கிறார். ருமிகோ தகாஹாஷி 1978 முதல் 1987 வரை சிறுவர் வார இதழில் 'உருசேய் யாட்சுரா' வரைந்தார். பள்ளி, வேற்றுக்கிரகப் பெண், ஓயாத ரகளை. யாருக்கும் வயதாகாது. அதன் இரண்டாவது திரைப்படத்தில் மமோரு ஓஷீ, பள்ளி விழாவுக்கு முந்தைய நாள் திரும்பத் திரும்ப வருவதாகவே கதை அமைத்து அந்த நிறுத்தத்தைக் கிண்டல் செய்தார். அதே தகாஹாஷி 1980இல் 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்' என்ற பெரியவர் இதழில் 'மேசோன் இக்கோக்கு'வைத் தொடங்கினார். அதில் நாட்காட்டி ஓடுகிறது. கோதாய் கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்று அடுத்த தேர்வுக்காகக் காத்திருப்பவன். பழைய மர விடுதியின் பொறுப்பாளராக வருகிறாள் க்யோகோ, இளம் விதவை. அவன் கல்லூரியில் சேர்கிறான், முடிக்கிறான், வேலை தேடி அலைகிறான், கிடைத்த நிறுவனம் திவாலாகிறது, குழந்தைகள் காப்பகத்தில் வேலை பழகுகிறான்.

இதைக் காதல் கதை என்று அட்டையில் போடலாம். காதல் ஏன் இவ்வளவு தாமதமாகிறது என்பதில்தான் அதன் அன்றாடம் இருக்கிறது. அவளுக்கு இறந்தவனை மறக்க ஆண்டுகள் வேண்டும். அவனுக்கு ஒரு மனைவியோடு குடித்தனம் நடத்தும் அளவு சம்பாதிக்க ஆண்டுகள் வேண்டும். இரண்டையும் வாசகரும் கூடவே காத்திருந்து கடக்கிறார். இரு தொடர்களும் 1987லேயே முடிந்தன. ஒன்றில் அத்தனை ஆண்டும் ஒரே வகுப்பு. மற்றதில் ஒருவன் மாணவனாகத் தொடங்கித் தகப்பனாகிறான்.

இதற்கு இடம் கொடுத்தது இதழ்களின் அமைப்பு. 'பிக் காமிக்' 1968இலும் 'மார்னிங்' 1982இலும் வந்தன. சிறுவர் இதழ்களோடு வளர்ந்த தலைமுறை வேலைக்குப் போனபோது அவர்களோடு கூடவே ரயிலேற இவை இருந்தன. அதனால் மாங்காவில் பெரியவர்களின் அன்றாடத்துக்குப் பஞ்சம் என்றுமே இருந்ததில்லை. பஞ்சம் அனிமேயில். இந்த வகையின் புகழ்பெற்ற மாங்காக்கள் பல, தொலைக்காட்சிக்குப் போகும்போது நடிகர்கள் நடிக்கும் நாடகமாகப் போகின்றன. யாரோ அபேயின் 'ஷின்யா ஷோகுதோ' 2009இல் நாடகமானது. நள்ளிரவில் திறந்து காலை ஏழு மணிக்கு மூடும் ஷின்ஜுக்குச் சாப்பாட்டுக் கடைதான் அதில் களம். 'கோதோக்கு நோ குர்மே' 2012இலும், 'நேற்று என்ன சாப்பிட்டாய்?' 2019இலும் நாடகமாயின. கணக்கு எளியது. நடுவயது மனிதன் சோறு தின்பதைக் காட்ட ஒரு நல்ல நடிகரும் ஒரு கேமராவும் போதும். அதையே ஆயிரக்கணக்கில் ஓவியம் வரைந்து அசையவைக்க யார் பணம் போடுவார்கள்?

அந்த மூன்றில் இரண்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மசாயுகி குசுமி எழுத, ஜிரோ தனிகுச்சி வரைந்த 'கோதோக்கு நோ குர்மே' 1994 முதல் 1996 வரை வந்தது. கோரோ இனோகஷிரா வெளிநாட்டுப் பொருள்களை வாங்கி விற்கும் தனியாள். வேலை விஷயமாக ஓர் இடத்துக்குப் போகிறான், பசிக்கிறது, கடை தேடுகிறான், சாப்பிடுகிறான், போகிறான். அவ்வளவே கதை. முதல் அத்தியாயமே தினக்கூலிகள் வாழும் சான்யா பகுதியில். பன்றி இறைச்சி வதக்கலைச் சொல்லிவிட்டு, கூடவே பன்றி இறைச்சி போட்ட சூப்பையும் சொல்லிவிட்டு, இரண்டிலும் ஒரே கறி என்று பிறகுதான் உணர்கிறான். இதைவிடச் சிறிய தோல்வியை வைத்து யாரும் கதை எழுதியதில்லை. தனிகுச்சியோ தெருவின் மின்கம்பிகளையும் கடையின் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் ஒரு கட்டிடக் கலைஞரின் பொறுமையோடு வரைகிறார். இங்கே கடிகாரம் வயிறு. பசி எடுத்தால் தொடக்கம், தட்டு காலியானால் முடிவு. அவனுக்கு மூப்பும் இல்லை, முன்னேற்றமும் இல்லை. அதனால்தான் எந்த அத்தியாயத்திலிருந்தும் படிக்கலாம், எத்தனை படித்தாலும் அவனை நமக்கு மேலதிகமாகத் தெரிந்துவிடாது. இதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. இந்தச் சூத்திரத்தைப் பின்பற்றி வந்த சாப்பாட்டு மாங்காக்கள் மலிந்துபோய்விட்டன. ஷின்-சானின் அப்பா மதியம் என்ன சாப்பிடுகிறார் என்பதற்கும் ஒரு கிளைத்தொடர் உண்டு.

ஃபுமி யோஷினாகாவின் 'நேற்று என்ன சாப்பிட்டாய்?' அதே அடுப்படியில் வேறு கடிகாரத்தை மாட்டுகிறது. 2007 முதல் 'மார்னிங்' இதழில் வருகிறது. வழக்கறிஞர் ஷிரோ, முடிதிருத்துநர் கென்ஜி, சேர்ந்து வாழும் இரு ஆண்கள். தொடக்கத்தில் நாற்பதைக் கொஞ்சம் தாண்டியவர்கள். மாதச் சாப்பாட்டுச் செலவு 25,000 யென்னுக்குள் என்பது ஷிரோவின் சட்டம். ஆறு மணிக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்பி மலிவு அங்காடிக்கு ஓடுகிறான். முழுத் தர்ப்பூசணி இருவருக்கு அதிகம் என்று அங்கே பார்த்த முன்பின் தெரியாத குடும்பத் தலைவியோடு பாதி பாதியாகப் பிரித்துக்கொள்கிறான். அந்த நட்பு ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. கதைக்குள்ளும் வெளியேயும் ஒரே வேகத்தில் ஆண்டுகள் கழிவதால், தொடக்கத்திலிருந்து படித்தவர்களோடு இந்த இருவரும் ஐம்பதைக் கடந்திருக்கிறார்கள். பெற்றோர் தளர்கிறார்கள், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவை பட்டியலாகின்றன, எண்ணெயைக் குறைக்கிறார்கள். மகன் தன்பால் ஈர்ப்பாளன் என்பதை அறிந்த பெற்றோர் கென்ஜியை எப்படி எதிர்கொள்வது என்ற சிக்கல், இன்னொரு கதையில் ஒரே உணர்ச்சிக் காட்சியில் தீர்ந்திருக்கும். இங்கே அது தீராமல், நகர்ந்து, கொஞ்சம் இறுகி, கொஞ்சம் இளகி, ஆண்டுகளாகத் தொடர்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் சமையல் குறிப்பு அளவோடு வருகிறது. அதைப் பார்த்துச் சமைக்கவும் செய்யலாம்.

சமைக்கும் ஆண் என்பதில் இவர்களுக்கு முன்னோடி, 1985இல் அதே இதழில் வந்த தோச்சி உயேயாமாவின் 'குக்கிங் பாப்பா'. ஃபுகுவோகா அலுவலகக்காரன் அராய்வா வீட்டில் சமைப்பவன். வெளியே சொல்ல வெட்கம். அலுவலகத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது மனைவி செய்தது என்று சொல்லிவைக்கிறான். அன்றைக்கு அது நகைச்சுவைக்கு உதவியது. இன்றைய வாசகருக்கு அது சமூக வரலாற்று ஆவணம்.

கேமரா போதுமே, ஏன் வரைய வேண்டும் என்ற கேள்விக்கு அனிமே தந்த ஆகச்சிறந்த பதில் 1991இல் வந்தது. இசாவோ தகாஹாதாவின் 'ஒமோஹிதே போரோ போரோ'. இருபத்தேழு வயது தாயேகோ டோக்கியோ அலுவலகத்தில் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, யமகாட்டாவில் குசும்பப்பூப் பறிக்கப் போகிறாள். ரயிலில் அவளோடு கூடவே பயணம் செய்கிறாள் 1966இன் ஐந்தாம் வகுப்புச் சிறுமி, அதாவது அவளே. மூல மாங்காவில் இருந்தது சிறுமியின் பகுதி மட்டும். பெரிய தாயேகோவை உண்டாக்கியவர் தகாஹாதா. பள்ளி நினைவுகளை அப்படியே படமாக்கியிருந்தால் இனிய பழங்கதை கிடைத்திருக்கும். அவர் அந்தப் பள்ளியை வெளியிலிருந்து, அதை விட்டு நீங்கிய ஒருத்தியின் கண்ணால் பார்க்கவைத்தார்.

அதற்கேற்ப ஓவியமும் இரண்டானது. பழைய நாள்கள் ஓரங்கள் வெளுத்து, வெள்ளைத்தாளில் கரைவதுபோல வருகின்றன. நிகழ்காலம் ஒவ்வொரு இலையோடும் அடர்த்தியாக நிற்கிறது. நடிகர்களின் குரலை முதலில் பதிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்த வாயையும் முகத்தையும் வரைந்தார்கள். சிரிக்கும்போது தாயேகோவின் கன்னத்தில் கோடு விழுகிறது. அனிமேயின் பெண்களுக்கு அதுவரை கன்ன எலும்பே கிடையாது. அந்தக் கோடுகள் அழகைக் கெடுக்கின்றன என்று இன்றும் முணுமுணுப்பவர்கள் உண்டு. அந்தக் கோடு இல்லாவிட்டால் படமே இல்லை என்பது என் கட்சி. அன்னாசிப் பழத்தை முதன்முதலாக வாங்கி, எப்படி வெட்டுவது என்று தெரியாமல் விழித்து, பிறகு குடும்பமே வட்டமாக உட்கார்ந்து தின்று ஏமாறும் காட்சியையும், வயலில் பூப்பறித்துச் சாயம் எடுக்கும் நீண்ட பகுதியையும் சேர்த்துப் பார்த்தால், அன்றாடம் என்பதை வரைந்து காட்ட வேண்டிய அவசியம் விளங்கும். அமெரிக்கத் திரையரங்குகளுக்கு இந்தப் படம் போய்ச்சேர 2016 ஆயிற்று.

ஊருக்குத் திரும்பும் கதைகள் பிறகு ஒரு தனிக் கிளையாகவே ஆயின. சட்சுகி யோஷினோவின் 'பராகமோன்' அதில் நல்லது. தன் எழுத்தைப் பாடப்புத்தக எழுத்து என்று சொன்ன முதிய கண்காட்சி இயக்குநரைக் குத்திவிட்ட இளம் எழுத்துக்கலைஞன் ஹந்தாவை, அவன் அப்பா நாகசாகியின் கோத்தோ தீவுகளுக்கு அனுப்பிவைக்கிறார். யோஷினோ அந்தத் தீவுக்காரர். அதனால் வட்டார மொழியும் மனிதர்களும் சுற்றுலாத் துண்டறிக்கையில் வருவதுபோல இல்லை. அனுமதி கேட்காமல் வீட்டுக்குள் வரும் பிள்ளைகள், வாசலில் வைத்துவிட்டுப் போன காய்கறி எல்லாம் உண்மையாக இருக்கின்றன.

2017இன் 'சகுரா குவெஸ்ட்' இன்னும் துணிச்சலாகத் தொடங்கியது. தோயாமாவில் தலைமையகம் வைத்திருக்கும் பி.ஏ.ஒர்க்ஸ் நிறுவனத்தின் படைப்பு. முப்பது நிறுவனங்கள் நிராகரித்த இருபது வயது நாயகி யோஷினோ, ஆள் குறைந்துவரும் மனோயாமா என்ற ஊருக்குச் 'சுற்றுலா அரசி'யாகப் போகிறாள். 1980களில் ஜப்பானிய ஊர்கள் விளையாட்டாகத் தனிநாடு அறிவித்துப் பயணிகளை இழுக்க முயன்ற மோகத்தின் மிச்சம் அது. மூடிய கடைத்தெரு, நிறுத்தப்படும் பேருந்துத் தடம், வணிகர் சங்கத்துக் கிழவர்களின் பிடிவாதம் என்று நல்ல பொருள் கையில் இருந்தது. ஆனால் அரசிப் பதவிக்கு ஓராண்டு ஒப்பந்தம் என்று வைத்தார்கள். அந்த ஒரு முடிவால் கதைக்குப் பள்ளியாண்டின் வடிவம் வந்துவிட்டது. விழா ஏற்பாடு, விழா, கண்ணீர், விடைபெறல். ஊரின் சிக்கலுக்கு ஓராண்டுக் கெடு இல்லை என்று தொடரே ஒப்புக்கொள்கிறது. கதை வடிவம்தான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அலுவலகக் கதைகள் பலவற்றின் நோயும் இதுதான். 'நியூ கேம்!' விளையாட்டு மென்பொருள் நிறுவனத்தில் சேரும் பதினெட்டு வயது ஆவோபாவைப் பற்றியது. மேசையில் கணினி இருக்கும் வகுப்பறை என்பதற்கு மேல் அந்த அலுவலகம் ஒன்றும் இல்லை. மூத்தவர் இளையவர் பாசம் அப்படியே இருக்கிறது, மேலதிகாரியின் இடத்தில் வகுப்பாசிரியை. ஜப்பானிய நிறுவனங்களும் ஏப்ரலில் மொத்தமாகப் புதியவர்களைச் சேர்ப்பதால் இந்த மாற்று எளிதாக நடந்துவிடுகிறது.

'ஷிரோபாக்கோ' அந்தப் பொறியில் ஒரு காலை வைத்துவிட்டுத் தப்பியது. சுட்டோமு மிசுஷிமா இயக்கத்தில் 2014 அக்டோபர் முதல் 2015 மார்ச் வரை வந்த 24 பகுதிகள். முதல் சில நிமிடங்களில் பள்ளித் தோழிகள் ஐவரும் ஒருநாள் சேர்ந்து படம் எடுப்போம் என்று சபதம் செய்கிறார்கள். அடுத்த காட்சியில் ஆண்டுகள் கழிந்து, மியாமோரி நள்ளிரவில் நிறுவன வண்டியை ஓட்டிக்கொண்டு, வரைந்த தாள்களை வீடு வீடாக வாங்கப் போகிறாள். தயாரிப்பு உதவியாளர் வேலை என்பது பெரும்பாலும் அதுதான்: வாங்குவது, கொடுப்பது, கெஞ்சுவது, அட்டவணையைத் திருத்துவது. அனிமே எப்படித் தயாராகிறது என்று இவ்வளவு விவரமாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

இங்கே கடிகாரம் ஒளிபரப்புத் தேதி. அது இரக்கமில்லாதது. எனினும் இந்தத் தொடரின் உயிர் வயதானவர்களிடம் இருக்கிறது. இன்றைய பாணிப் பெண் முகங்களை வரையத் தெரியாது என்று ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் முதிய ஓவியர் சுகியே, ஓடும் குதிரைக் கூட்டத்தை வரைய ஆளில்லாதபோது எல்லோரையும் காப்பாற்றுகிறார். வேகமும் சுத்தமும் குறையாமல் வரைந்து, இளையவர்களுக்கும் கற்றுக்கொடுக்கிறார். ஐந்து தோழிகளில் குரல் நடிகை ஷிசுகாவுக்கு மட்டும் கடைசிவரை வாய்ப்பே இல்லை. மற்றவர்களின் வெற்றியைத் தொலைக்காட்சியில் பார்த்தபடி தனியாகப் பீர் குடிக்கிறாள். கடைசியில் ஒரு சின்ன வேடம் கிடைத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் அவள் பேசும்போது, கண்ணாடிக்கு இந்தப்புறம் மியாமோரி அழுகிறாள். அதிக வேலை நேரத்தைத் தொடர் மறைக்கவில்லை. ஆனால் அதன்மேல் அதற்குக் கோபமும் இல்லை. அதுதான் என் தயக்கம். தூக்கமில்லாத இரவுகள் கனவுக்குக் கட்டும் கட்டணம்போல ஆகிவிடுகின்றன.

கோபம் வேண்டுமானால் சான்ரியோ நிறுவனத்தின் 'அக்ரெட்சுகோ' இருக்கிறது. பொம்மைபோல ஒரு சிவப்புப் பாண்டா, வயது 25, கணக்குப் பிரிவு. பன்றியாகவே வரையப்பட்ட மேலாளர், இரவில் கரோக்கே அறையில் டெத் மெட்டல் அலறல். 2018இல் நெட்ஃபிளிக்ஸில் வந்து ஐந்து பருவங்கள் ஓடியது. மனிதர்களை வைத்துச் சொல்லியிருந்தால் தாங்கமுடியாமல் போயிருக்கக்கூடியதை விலங்கு முகங்கள் சொல்லிவிட்டன.

ஆறுதல் தரும் கதைகள் என்று ஜப்பானியர் அழைக்கும் கிளை இதற்கு எதிர்த்திசையில் போகிறது. 1995இன் கோபே நிலநடுக்கமும் டோக்கியோ சுரங்க ரயில் விஷவாயுத் தாக்குதலும் சேர்ந்து ஒரு நாட்டை ஆறுதல் தேட வைத்தன, அதிலிருந்து இவ்வகை பிறந்தது என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆனால் இந்தக் கிளையின் தாய் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஹிதோஷி அஷினானோவின் 'யோகோஹாமா கைதாஷி கிகோ' 1994இலேயே 'ஆஃப்டர்நூன்' இதழில் தொடங்கிவிட்டது. கடல் மட்டம் உயர்ந்து நகரங்கள் மூழ்கி, மனித குலம் அமைதியாக அந்திக்குப் போய்க்கொண்டிருக்கும் காலம். ஆல்ஃபா என்ற இயந்திரப் பெண், எங்கோ போய்விட்ட உரிமையாளருக்காகக் காத்துக்கொண்டு ஒரு காபிக் கடையை நடத்துகிறாள். வாடிக்கையாளர் வராத நாளே அதிகம். அவளுக்கு வயதாகாது. பக்கத்து வீட்டுச் சிறுவன் தகாஹிரோவுக்கும் சிறுமி மக்கிக்கும் ஆகும். 2006இல் பதினான்கு தொகுதிகளில் கதை முடிவதற்குள் அவர்கள் வளர்ந்து ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். சசாயேயின் நின்ற கடிகாரமும் க்யோகோவின் ஓடும் கடிகாரமும் ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருப்பதுதான் இந்த மாங்காவின் புதுமை. ஆறுதல் என்று பெயர் வைத்தவர்கள் அதன் துயரத்தைக் கவனித்தார்களா என்று எனக்குச் சந்தேகம்.

கொசுயே அமானோவின் 'அரியா' இதன் இனிய தங்கை. செவ்வாய்க் கிரகத்தில் எழுப்பிய புதிய வெனிஸில் படகோட்டப் பழகும் பெண்கள். ஆண்டுக்கு 24 மாதம், ஆகவே பருவங்களும் இரட்டிப்பு நீளம். கையுறை இரண்டு, பிறகு ஒன்று, பிறகு வெறுங்கை என்று தேர்ச்சிக்குப் படிகள் இருக்கின்றன. அழகான படைப்பு, பள்ளியின் சாயல் முழுதாகப் போகாத படைப்பும்கூட.

குழந்தை வளர்ப்புக் கதைகளில் கடிகாரத்தைத் தேட வேண்டியதே இல்லை, அது வீட்டுக்குள் ஓடியாடுகிறது. யூமி உனிதாவின் 'உசாகி டிராப்' மாங்காவின் முதல் நான்கு தொகுதிகள் இதற்குச் சான்று. தாத்தாவின் சாவுக்குப் போன முப்பது வயதுப் பிரம்மச்சாரி தாய்கிச்சி, தாத்தாவுக்குப் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆறு வயது ரின்னை யாரும் ஏற்காததால் தூக்கிக்கொண்டு வருகிறான். காப்பகத்துக்கு இடம், காய்ச்சல், பல் விழுதல், நேரத்துக்குக் கூப்பிடப் போவதற்காகக் கூடுதல் நேர வேலை இல்லாத பிரிவுக்குத் தானே கேட்டு மாறிப்போவது. தகப்பன்மார் எழுதாத நாட்குறிப்பு அது. 2011இல் வந்த பதினொரு பகுதி அனிமே இந்தப் பாதியோடு நின்றது, நல்ல வேளை. மாங்கா பத்தாண்டு தாவி ரின்னை உயர்நிலைப் பள்ளி மாணவியாக்கியது. வளர்த்தவனையே அவள் விரும்புவதாகக் கொண்டுபோய் முடித்தது. பள்ளிக்குள் நுழைந்ததும் கதை பள்ளிக் காதல் கதையின் பழக்கங்களை எடுத்துக்கொண்டது. முதல் பாதி கட்டியதை எல்லாம் அது இடித்தது.

'அசுமங்கா தாயோ'வை முடித்த கியோஹிகோ அசுமா, 2003இல் பள்ளியைவிட்டு எதிர்ப்பக்கமாக வெளியேறினார். 'யோட்சுபா'வின் நாயகிக்கு வயது ஐந்து. கோடை விடுமுறையை ஒட்டி அப்பாவோடு புது வீட்டுக்கு வருகிறாள். ஊஞ்சல், குளிரூட்டி, மழை, பக்கத்து வீட்டு அக்காக்கள், எல்லாமே அவளுக்கு முதல்முறை. முந்தைய மாங்காவில் மூன்று பள்ளியாண்டுகளை மூன்றே ஆண்டுகளில் ஓட்டியவர் இதில் ஓராண்டைக்கூட இரண்டு பத்தாண்டுகளில் முடிக்கவில்லை. இதை அனிமேயாக்க அவர் இசையவும் இல்லை. 2021இல் வந்த பதினைந்தாம் தொகுதியில் யோட்சுபாவுக்குப் பள்ளிப் பை வாங்குகிறார்கள். அதை மாட்டிக்கொண்டு நிற்கும் மகளைப் பார்த்து அப்பா கண்கலங்குகிறார். அங்கேதான் வாசகருக்கு உறைக்கிறது, இத்தனை நாளும் படித்தது பள்ளிக்கு முந்தைய கடைசி ஆண்டு என்று.

மறுமுனையிலும் கணக்கு நடக்கிறது. கவோரி சுருதானியின் 'மெட்டமார்ஃபோஸ் நோ எங்காவா' மாங்காவில் கணவனை இழந்த எழுபத்தைந்து வயது இச்சினோய், அட்டைப்படம் அழகாயிருக்கிறதே என்று ஒரு மாங்காவை வாங்குகிறார். அது இரு பையன்களின் காதல் கதை. புத்தகக் கடையில் வேலை செய்யும் பதினேழு வயது உராராவோடு அதனால் நட்பாகிறார். அடுத்த தொகுதி வர ஒன்றரை ஆண்டாகும் என்று கேள்விப்பட்டதும், தன் ஆயுளுக்குள் இன்னும் எத்தனை தொகுதி படிக்கலாம் என்று மனக்கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கில் சுயபச்சாதாபம் துளியும் இல்லை, பதிப்பாளர் மேல் எரிச்சல் மட்டும் உண்டு.

பள்ளிக் கதை ஒன்றே தன் மாணவிகளை வெளியே அனுப்பிப் பார்த்த அரிய உதாரணமும் இருக்கிறது. ஆஃப்ரோவின் 'யூரு கேம்ப்' மாங்காவும் தொடரும் யமனாஷி உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் கூடாரம் போட்டுத் தங்குவதைப் பற்றியவை. 2022 ஜூலையில் வந்த திரைப்படம் அவர்களைப் பெரியவர்களாக்கியது. ரின் நாகோயாவில் பதிப்பகத்தில், நதேஷிகோ டோக்கியோவில் முகாம் பொருள் கடையில், சியாக்கி ஊரில் சுற்றுலாத் துறையில், அவோய் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக. பிள்ளைகள் குறைந்து அவோய் வேலை செய்யும் பள்ளியே மூடப்படுகிறது. கைவிடப்பட்ட ஓர் இளைஞர் மையத்தைத் தோழிகள் எல்லோரும் சேர்ந்து முகாம் மைதானமாக்க இறங்குகிறார்கள். வார இறுதியில் மட்டும்தான் வரமுடிகிறது, ரின் ஊருக்கு வந்த நாள்களில் அவள் வேலையைச் சக ஊழியர் சத்தமில்லாமல் சுமக்கிறார். புல் வெட்டி, பழைய இரும்பை அகற்றி, திறப்புக்குப் பக்கத்தில் வந்தபோது மண்ணுக்கடியில் ஜோமோன் காலத்து மட்பாண்டம் கிடைக்கிறது. வேலை நிறுத்தப்படுகிறது. பள்ளி விழாவாக இருந்தால் இந்த இடத்தில் இரவோடிரவாக எல்லோரும் சேர்ந்து ஏதாவது அற்புதம் செய்திருப்பார்கள். இங்கே சியாக்கி உட்கார்ந்து, தொல்லியல் களமும் முகாமும் சேர்ந்து இருக்கும்படி திட்ட அறிக்கையைத் திருத்தி எழுதி, மறுபடியும் மாகாண அலுவலகத்தில் ஒப்புதலுக்கு வைக்கிறாள்.